ஃப்ளாட்டா, ரவுண்டா? பேஸ் கிட்டார் கம்பி தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட் மாதிரிச் சின்ன ஊரில் பேஸ் வாசிக்கிறவருக்குக் கம்பி வேண்டுமென்றால் ஈப்போவுக்கு வண்டியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் இணையத்தில் ஆர்டர் போட்டுவிட்டு கொரியர்காரரை எதிர்பார்த்திருக்க வேண்டும். எப்படி வாங்கினாலும் முதலில் கைக்கு வருவது நிக்கல் பூசிய ரவுண்ட் கம்பிதான். அதையே வாங்கி, அதையே மாட்டி, காலம் முழுக்க வாசித்தவர்கள் நிறையப் பேர். ஃப்ளாட் என்று இன்னொரு வகைக் கம்பி இருப்பது தெரிந்தவர்கள்கூட "அதெல்லாம் ஜாஸ் வாசிக்கிறவங்களுக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. நம் மெல்லிசைக் குழுக்கள் வாசிக்கிற பாட்டுகளில் பாதிக்கு ஃப்ளாட்தான் பொருத்தம். ஆனால் நாம் ஏறுகிற மேடைகளில் பாதியில் ஃப்ளாட் எடுபடாது. பாட்டு ஒன்று கேட்கிறது, மேடை வேறொன்று கேட்கிறது. எதற்கு விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

கம்பிக்குள் என்ன இருக்கிறது

பேஸ் கம்பி எல்லாமே நடுவில் ஓர் இரும்புக் கம்பி, அதன்மேல் சுற்றிய இன்னொரு கம்பி என்ற அமைப்புதான். சுற்றுகிற கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட். தட்டையான நாடாவாக இருந்தால் ஃப்ளாட். ரவுண்ட் கம்பியை நகத்தால் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், ரம்பத்தைத் தேய்த்த மாதிரி சத்தம் வரும். ஃப்ளாட்டில் நகம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இரண்டுக்கும் நடுவே ஓர் இனம் உண்டு. ரவுண்டாகச் சுற்றிவிட்டு மேல்பக்கத்தை மட்டும் தேய்த்துச் சமமாக்கியது, ஹாஃப் ரவுண்ட் என்பார்கள். நைலான் நாடா சுற்றிய கறுப்புக் கம்பியும் உண்டு. இந்த இரண்டும் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பதால் இதற்குமேல் நீட்டவில்லை.

1951-ல் லியோ ஃபெண்டர் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அறுபதுகளின் நடுப்பகுதி வரை எலக்ட்ரிக் பேஸ் என்றாலே பெரும்பாலும் ஃப்ளாட் கம்பிதான். டபுள் பேஸின் 'தும்' என்ற சத்தத்தைத்தான் அப்போது எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1966-ல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து பியானோ மாதிரி கணீரென்று ஒலிக்கிற ரவுண்ட் கம்பியை உருவாக்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அந்த ஸ்விங் பேஸ் 66 இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இன்ன பாணிக்கு இன்ன கம்பி என்று சட்டம் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃப்ளாட் கம்பி வைத்திருந்தார். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பது பேஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹெவி மெட்டல் வாசிக்கிற அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸும் ஃப்ளாட்தான். ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) இல்லாத பேஸுக்கு ஃப்ளாட்தான் சரி என்று எல்லோரும் சொல்ல, ஜாகோ பாஸ்டோரியஸ் அதில் ரவுண்டை மாட்டினார். கம்பி மரத்தைத் தின்றுவிடக் கூடாதென்று விரல்பலகை மேல் படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசிக்கொண்டார். ஆக, பாணி பெயரை வைத்துக் கம்பி வாங்காதீர்கள்.

படி 1: பாட்டுப் பட்டியலை எடுங்கள்

உங்கள் குழு அடுத்த கல்யாணத்துக்கு வாசிக்கப்போகிற பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் பேஸ் என்ன வேலை செய்கிறது என்று குறியுங்கள்.

எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டுகளில் பேஸ் தபேலாவுக்கும் போங்கோவுக்கும் பக்கபலமாக நிற்கிறது. ஒரு தும், ஓர் இடைவெளி, இன்னொரு தும். ஸ்வரம் நீண்டு ஒலித்தால் தாளம் கலங்கிவிடும். ஃப்ளாட் கம்பியில் மேல் ஒலிகள் குறைவு, சத்தமும் சீக்கிரம் அடங்கிவிடும். அந்தப் பாட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை.

இளையராஜாவின் பேஸ் அப்படியில்லை. மேலே ஒரு மெட்டு போக, கீழே பேஸ் தனக்கென்று இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். கொஞ்சம் பழகிய நிக்கல் ரவுண்ட் இதற்கு நன்றாக இருக்கும். பழகிய என்பதை அழுத்திச் சொல்கிறேன். புத்தம்புதுக் கம்பியின் கிண் சத்தம் பாடகரின் குரலோடு மோதும்.

ரகுமான் வந்த பிறகான பாட்டுகளிலும் இன்றைய குத்துப் பாட்டுகளிலும் அடிமட்டத்தைப் பெரும்பாலும் கீபோர்டும் மின்னணுத் தாள பேடும் நிரப்பிவிடுகின்றன. அங்கே பேஸ் கிட்டார் கேட்க வேண்டுமென்றால் நடு ஒலியும் மேல் ஒலியும் வேண்டும். கட்டைவிரலால் கம்பியை அறைந்து ஸ்லாப் வாசிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ரவுண்ட்தான்.

கம்பெனி ஆண்டு விருந்துகளில் மலாய்ப் பாட்டும் கேட்பார்கள், அலிகேட்ஸ் குழுவின் பாட்டு இல்லாமல் ராத்திரி முடியாது. அந்த மென்மையான பாட்டுகளுக்கு இரண்டு கம்பியும் ஒத்துப்போகும். பட்டியலில் அவற்றுக்குக் குறியே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நம் இசையில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போகிற ஜாரு அடிக்கடி வரும். ரவுண்டில் இழுத்தால் 'ஸ்ஸீங்' என்று விரல் கீறும் சத்தமும் கூடவே வரும். ஃப்ளாட்டில் ஸ்வரம் மட்டும் போகும். வீணை வாசிப்பவர் வீட்டில் வளர்ந்தவருக்கு ஃப்ளாட்டை ஒரு தடவை கையில் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார்.

படி 2: மேடையையும் ஸ்பீக்கரையும் பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் ஊர் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பதே இதுதான்.

பேஸின் இ கம்பி திறந்து ஒலிக்கும்போது அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். ஏ கம்பி 55. தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு நாம் கொண்டுபோகிற சின்ன ஆம்ப்ளிஃபயரால் 41 ஹெர்ட்ஸைச் சரியாக வெளியே தள்ள முடியாது. அப்படியும் நமக்கு அந்த ஸ்வரம் கேட்கிறதென்றால், 82, 123, 164 என்று மேலே அடுக்கடுக்காக வரும் ஒலிகளை வைத்துக் காது தானாகவே அடிஸ்வரத்தைக் கற்பனை செய்துகொள்வதால்தான். ரவுண்ட் கம்பியில் இந்த மேல் அடுக்குகள் நிறைய. ஃப்ளாட்டில் குறைவு. ஸ்பீக்கர் சின்னதாக இருக்க இருக்க, ஃப்ளாட் வாசிப்பவர் காணாமல் போகிறார்.

பெரிய டேவானில், அதாவது மண்டபத்தில், சிக்கல் தலைகீழ். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நான்கு பக்கமும் வெறும் சுவர். தாழ்ந்த ஒலி சுற்றிச் சுற்றி வந்து குழம்பாகிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாண ஒத்திகையில், புதிதாக ஃப்ளாட் மாட்டி வந்த தம்பியைக் கீபோர்ட் வாசிக்கிற அண்ணன் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, நீ வாசிக்கிறியா இல்லியா? கால்ல தெரியுது, காதுல கேக்கல." தம்பி வால்யூமைக் கூட்டினான், காலில் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. மிக்சரில் இருந்தவர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்து, 700-800 பக்கத்தில் கொஞ்சம் ஏற்றினார். கம்பியை மாற்றாமலே பேஸ் வெளியே வந்தது.

மிக்சரில் ஆள் இருக்கிறார், பேஸ் நேராகக் கூட்டத்துக்கு வைத்த பி.ஏ. ஸ்பீக்கருக்குப் போகிறது என்றால் ஃப்ளாட்டைத் தைரியமாக மாட்டலாம். மேடையில் உங்கள் ஆம்ப் ஒன்றுதான், அதுவும் சின்னது என்றால் ரவுண்டிலேயே இருங்கள்.

படி 3: உங்கள் பேஸை அளந்து பாருங்கள்

கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 34 அங்குலம் வந்தால் வழக்கமான நீளம். 30 வந்தால் ஷார்ட் ஸ்கேல், வயலின் வடிவ பேஸ்கள் இந்த அளவுக்கு அருகில்தான் இருக்கும். ரவுண்டில் நீளம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஃப்ளாட்டில் முடியாது. தடித்த சுற்று டியூனிங் கட்டையில் ஏறி வளைந்தால், நாடா பிளந்து கம்பி செத்துவிடும். கம்பி உடலுக்குப் பின்னாலிருந்து துளைவழியாக வருகிற பேஸ் என்றால் இன்னும் நீளம் வேண்டும். அந்த வகைக்கு ஃப்ளாட் ஏற்றதா என்று பாக்கெட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். உடலின் மேல் கம்பியைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் வழியாகவும் மாட்ட வசதி இருந்தால் ஃப்ளாட்டுக்கு அதுவே நல்லது.

ஃப்ரெட் இல்லாத பேஸ், அதிலும் பூச்சில்லாத ரோஸ்வுட் பலகை என்றால், நீங்கள் ஜாகோவாக இல்லாத வரை ஃப்ளாட்தான். ஃப்ரெட் உள்ள பேஸிலும் ரவுண்ட், முக்கியமாக ஸ்டெயின்லெஸ் ரவுண்ட், ஃப்ரெட்டை மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும்.

படி 4: காசில்லாத சோதனை

வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். இப்போது இருக்கும் ரவுண்டிலேயே டோன் குமிழை முழுக்கக் குறைத்துவிடுங்கள். ஒரு துண்டு ஸ்பாஞ்சை பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில், லேசாகத் தொடுகிற மாதிரி செருகுங்கள். விரலைப் பிரிட்ஜ் பக்கமில்லாமல் கழுத்துப் பக்கம் கொண்டுவந்து மீட்டுங்கள். ஃப்ளாட்டின் குணத்தில் பெரும்பகுதி இப்படியே கிடைத்துவிடும். இந்தச் சத்தத்தோடு குழுவோடு ஓர் ஒத்திகை முழுக்க வாசியுங்கள். வீட்டில் தனியாக வாசித்து முடிவெடுத்தால் பிரயோசனமில்லை. தனியாகக் கேட்கையில் ரவுண்ட் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

ஒத்திகை முடிந்ததும் ஸ்பாஞ்சை எடுக்க மனசு வரவில்லை என்றால் ஃப்ளாட் வாங்குங்கள். பாதியிலேயே பிடுங்கி எறிந்தீர்கள் என்றால் பணம் மிச்சம்.

ஒரே பேஸ் வைத்துக்கொண்டு எல்லாக் காலத்துப் பாட்டையும் வாசிக்கிறவருக்கு என் தீர்ப்பு: நிக்கல் ரவுண்டும் பையில் ஒரு ஸ்பாஞ்சும். ரவுண்டைக் கொண்டு ஃப்ளாட் மாதிரி வாசிக்க முடியும். ஃப்ளாட்டில் இல்லாத மேல் ஒலியை எந்தக் குமிழைத் திருகினாலும் கொண்டுவர முடியாது. இரண்டு பேஸ் வைத்திருப்பவர் பேட்டரி இல்லாத சாதாரண பேஸில் ஃப்ளாட்டை மாட்டிவிட்டுக் கவலையை விடலாம்.

படி 5: உலோகமும் தடிமனும்

ரவுண்டில் நிக்கல் பூசிய இரும்பு நடுநிலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மிகக் கூர்மை, விரலுக்கும் கரடு. சுத்த நிக்கல் மென்மை. ஃப்ளாட்டில் பெரும்பாலானவை ஸ்டெயின்லெஸ் நாடாதான்.

தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். 45, 65, 85, 105 என்பது சாதாரண செட். அதில் கொஞ்சம் இலகுவானது 45, 65, 80, 100. இங்கே ஒரு சூட்சுமம். ரவுண்டில் சுற்றுகளுக்கு நடுவே வெற்றிடம் உண்டு, ஃப்ளாட்டில் அது கிடையாது. அதே தடிமனில் ஃப்ளாட்டில் உலோகம் அதிகம், கனமும் அதிகம், அதனால் அதே சுருதிக்கு இறுக்கமும் அதிகம். ரவுண்டில் 105 வாசித்தவர் ஃப்ளாட்டில் 100-க்கு இறங்குவது நல்லது. தடிமன் மட்டும் பார்த்தால் போதாது, கம்பெனிக்குக் கம்பெனி இறுக்கம் மாறும். டி'அடாரியோ குரோம்ஸ் விறைப்பு, ஃப்ளாட்டுக்குக் கொஞ்சம் பிரகாசமும் கூட. தோமஸ்டிக் இன்ஃபெல்டின் ஜாஸ் ஃப்ளாட் 43-இல் தொடங்கி 100-இல் முடிகிறது, கைக்குத் தளர்வாக, நெளிவாக இருக்கும், விலையும் அதற்கேற்ப. லா பெல்லா பழைய காலத்துத் தும் சத்தத்துக்குப் பேர்போனது.

படி 6: வாங்கும்போது

ஃப்ளாட் செட்டுக்கு ரவுண்டைவிடக் கணிசமாக அதிக வெள்ளி கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அது எத்தனை வருஷம் உழைக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இணையத்தில் நம்ப முடியாத மலிவு விலை கண்டால் விலகிவிடுங்கள், பேர்பெற்ற கம்பிகளுக்குப் போலி உண்டு. ஐந்து கம்பி பேஸ் என்றால் பி கம்பி உள்ள செட்டா என்று இரண்டு தடவை பாருங்கள்.

படி 7: மாட்டுவது

எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினால் கழுத்தின் மேல் உள்ள இழுவை சட்டென்று மாறாது.

கம்பியை பிரிட்ஜ் வழியாக இழுத்து, அதன் டியூனிங் கட்டையைத் தாண்டி 10-12 சென்டிமீட்டர் விடுங்கள். அந்த இடத்தில் முதலில் இடுக்கியால் செங்குத்தாக மடியுங்கள். மடித்த பிறகுதான், மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று தளர்ந்து, கம்பி மாட்டும் முன்பே செத்துப்போகும். வெட்டுகிற இடம் நுனியில் மெலிந்த பகுதியாக இருக்க வேண்டும், தடித்த பகுதியில் கத்தரி வைக்காதீர்கள். நுனியைக் கட்டையின் துளையில் இறக்கி, இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழாக. ஃப்ளாட்டின் இ கம்பிக்கு இரண்டு சுற்றே போதும்.

மாட்டும்போது கம்பி முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். முறுக்கிய கம்பி சுருதியில் நிற்காது. நுனிகளில் சுற்றிய வண்ண நூல் நட்டின் மேலோ பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடில் மேலோ உட்காரக் கூடாது. தடித்த ஃப்ளாட்டுக்கு மாறினால் நட்டின் பள்ளத்தையும் பாருங்கள். கம்பி உள்ளே இறங்காமல் மேலே உட்கார்ந்தால் பள்ளத்தை அரம் போட வேண்டும். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே உத்தமம்.

படி 8: செட்டப்

சுருதி சேர்த்து ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, 7-ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர், ஒரு தடித்த விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு போதும். விறைப்பான ஃப்ளாட்டுக்கு மாறியிருந்தால் கழுத்து முன்னால் வளைந்து இடைவெளி கூடியிருக்கும். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டின் திருகை வலப்பக்கம் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். திருகு இறுகி மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பிறகு கம்பி உயரம். 12-ஆம் ஃப்ரெட்டில் இ கம்பிக்கு 2 முதல் 2.5 மில்லிமீட்டர். ஃப்ளாட் அலையும் பரப்பு குறைவு என்பதால் பொதுவாக இன்னும் கொஞ்சம் தாழ்த்தலாம். கடைசியில் சுருதிச் சுத்தம்: 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்திய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறி நின்றால் சேடிலைப் பின்னுக்கும், இறங்கி நின்றால் முன்னுக்கும் நகர்த்துங்கள்.

புது ஃப்ளாட்டை முதல் வாரத்தில் எடைபோடாதீர்கள். அதிலும் ஒரு கிண் சத்தம் இருக்கும். தினமும் வாசித்துவர, சில வாரங்களில் அடங்கி உண்மையான குணம் வரும்.

படி 9: வேர்வையும் பராமரிப்பும்

மின்விசிறி எட்டாத மேடையில் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு, ஒரு வெள்ளை குட்மார்னிங் துண்டால் கம்பியை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். ரவுண்டில் நான்கு கறுப்புக் கோடுகள் பதியும். துடைக்காமல் பைக்குள் வைத்தால் அதே அழுக்கும் உப்பும் சுற்றுகளின் இடுக்கில் தங்கி, கம்பியின் குரலை அடைத்துவிடும். நம் ஈரக்காற்றில் ரவுண்ட் சீக்கிரம் மங்குவதற்குக் காரணம் இதுதான். ஃப்ளாட்டில் அழுக்கு புக இடுக்கு குறைவு, மங்குவதுதான் அதற்கு அழகும்கூட.

மங்கிய ரவுண்டைக் கழற்றிப் பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஈரம் போக நன்றாகத் துடைத்துக் காயவைத்தால் சத்தம் திரும்பும். நீண்ட நாள் நிற்காது, ஒரு திருவிழாவைத் தாண்டிவிடலாம். ஸ்பிரிட்டில் ஊறவைப்பது இதைவிட நல்லது, துருவும் பிடிக்காது. ஃப்ளாட்டுக்கு இரண்டும் வேண்டாம். உலர்ந்த துணியே போதும். பிசுபிசுப்பு தாங்கவில்லை என்றால் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம், விரல்பலகையில் படாமல்.

கழற்றிய ஃப்ளாட் செட்டை எறிந்துவிடாதீர்கள். சுருட்டி, எந்தக் கம்பி எது என்று எழுதி, பையில் போட்டு வையுங்கள். பழகிய ஃப்ளாட்டை விலைக்கு வாங்க வருகிறவர்கள் உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.